தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்

ஜனவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. ஆமாம், நானேதான். கையும் என்னுடையது, பேனாவும் என்னுடையது, தப்புகளும் என்னுடையவை. நான் சுகமாக இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் என்னோடு பேசுவதில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மகனும் மருமகளும் நலமா?

எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்துவிட்டேன், மாப்பிள்ளை. எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் உள்ள அறையில் சாயங்கால வகுப்பு நடக்கிறது. டீச்சரம்மா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை ‘பெரிய பையன்’ என்றுதான் கூப்பிடுவார். இப்போது கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சுவரொட்டி எதையும் விடுவதில்லை. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதையும் வாசிக்கிறேன். வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. போகட்டுமே, அடுத்த பஸ்ஸிலும் எழுதித்தானே இருக்கும்.

முதலில் என் பெயரை எழுதினேன். அடுத்து தங்கச்சியின் பெயர். மூன்றாவது உங்கள் பெயர். டீச்சரம்மா எட்டிப் பார்த்தார்.

“இது யாரு?”

“தங்கச்சி வீட்டுக்காரர். அவங்க ஊர்ச் சபையில மூப்பர். அவருக்காக நான் தினமும் ஜெபம் பண்றேன்.”

“எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு!”

நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

தங்கச்சியை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து உங்களுக்காக ஜெபிக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வெகுநாள் ஆசை. வேறொருவரை எழுதச் சொல்ல மனம் வரவில்லை. இதற்காகவே படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு ஏதாவது குறை இருந்தால் விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்


பிப்ரவரி 3

கிறிஸ்துவுக்குள் பிரியமான மச்சான் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே யாவரும் க்ஷேமம். தங்கள் முழங்காலுக்குப் பூரண சுகம் கிடைக்க வேண்டுகிறேன். தங்கள் கையெழுத்தைக் கண்டு மிகுந்த சந்தோஷம் அடைந்தேன். வரிகள் சற்றே மேலே ஏறிப் போகின்றன. கோடு போட்ட தாளில் எழுதினால் அழகாக வரும்.

குழாய்க் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். இப்போது முழு நேரமும் சபை வேலைதான். ஞாயிறு ஆராதனையில் நீண்ட ஜெபம் இன்னும் என் பொறுப்பே. “மூப்பர் ஜெபித்தால் கண்ணீர் வருகிறது” என்று போதகர் சென்ற வாரம்கூடச் சொன்னார். ஜெபத்தில் வார்த்தைகள் ஒழுங்காக வரவேண்டும். முதலில் துதி, பிறகு நன்றி, பிறகு விண்ணப்பம். தாங்கள் இப்போது வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் இந்த முறையைப் பழகிக்கொள்ளலாம்.

எனக்காக ஜெபிப்பதற்கு நன்றி. என் சுகத்துக்குக் குறைவில்லை.

ஊழியத்தில் தங்கள்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. விரலை வைத்து நானே வாசித்தேன். கோடு போட்ட தாளும் வாங்கிவிட்டேன். பாருங்கள், வரிகள் கீழ்ப்படிகின்றன. முழங்கால்தான் கீழ்ப்படியவில்லை. உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் அப்படி ஓர் ஆளா? நன்றாக யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஜெபத்தில் முறை தெரியாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இன்னும் அரை நாள் வேலை பார்க்கிறேன். இயந்திரத்திலிருந்து வரும் விரிப்புகளைச் சூடு ஆறுவதற்குள் மடிக்க வேண்டும். ஒரு விரிப்பை மடிக்கும்போது, அதில் படுக்கப் போகிற ஆளுக்காக ஒரு வார்த்தை கேட்பேன். ஆள் யாரென்று தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும். மடிப்பு முடிந்தால் ஜெபமும் முடிந்தது. தங்கச்சிக்கு இது பிடிக்கும். “எங்க அண்ணன் சாமிகிட்ட பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேசுற மாதிரி பேசும்” என்பாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள்.

தங்கச்சி தவறியபோது உங்கள் மகன் போனில், “நாலு மணிக்கு அடக்கம், மாமா” என்றான். மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டேன். மண்ணை மேடாகக் குவித்து, மேலே தண்ணீரும் தெளித்திருந்தது. கல்லறைத் தோட்டக்காரர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“காலையில பத்து மணிக்கே முடிஞ்சிடுச்சே! நீங்கதான் அண்ணனா? ‘எங்க அண்ணன் வந்து ஜெபம் பண்ணணும், அதுக்கப்புறம் பெட்டியை மூடுங்க’ன்னு அந்தம்மா கேட்டுக்கிட்டாங்களாமே. மூப்பர்தான் நேரத்தை மாத்திட்டார். ‘எழுத்துவாசனை இல்லாத மனுஷன், சபை முன்னால நின்னு என்னத்தை உளறுவாரோ’ன்னு போதகர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தார்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னார்.

அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை, மாப்பிள்ளை.

ஜெபம் தொடர்கிறது.

மச்சான்


மார்ச் 18

அன்பான மச்சான் அவர்களுக்கு,

நலம், நலமே விழைகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துப் பார்க்கவும்.

கல்லறைத் தோட்டக்காரன் வாயில் வருவதையெல்லாம் நம்ப வேண்டாம். அன்று போதகருக்கு மாலையில் வேறு அலுவல் இருந்தது. மழை வரும் போலவும் இருந்தது. பழைய விஷயங்களைக் கிளறுவது விசுவாசிக்கு அழகல்ல. ஜெபிக்க நிற்கும்போது யார்மீதாவது மனத்தாங்கல் இருந்தால், முதலில் அதை மன்னித்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த ஜெபம் கூரையைத் தாண்டாது.

இன்னொன்று. போன வாரம் ரொட்டியைக் கடிக்கும்போது முன்பல் ஒன்று உடைந்துவிட்டது. நல்ல உறுதியான பல். பல் மருத்துவரே ஆச்சரியப்பட்டார். மருமகளிடம் தங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “உங்க மச்சான் வேலைதான், மாமா” என்கிறாள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல.

பொதுவாகத்தான் கேட்கிறேன்: தாங்கள் எனக்காக ஜெபிக்கும்போது என்ன விண்ணப்பம் செய்கிறீர்கள்?

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். உங்கள் பல் போன செய்தி அறிந்தேன். மேல் பல்லா, கீழ்ப் பல்லா? எழுதவில்லையே.

இப்போது வேதத்தைத் திறந்து நானே வாசிக்கிறேன். இத்தனை வருஷம் மற்றவர்கள் வாசித்துத்தான் கேட்டேன். அவர்கள் எனக்கு நல்ல நல்ல இடமாகப் பார்த்து வாசித்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. மேய்ப்பன், புல்வெளி, அமர்ந்த தண்ணீர். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் புரட்டினால் என்னென்ன இருக்கிறது! பகைவனின் பல்லை உடைத்துப் போடும் என்று சங்கீதம் பாடின ராஜாவே கேட்டிருக்கிறார். வாசித்துவிட்டு வகுப்பில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். “என்ன பெரிய பையன், பாட்டுப் புஸ்தகத்துல ஜோக்கா?” என்று டீச்சரம்மா கேட்டார். ஆனால் ஆண்டவர் அறிய, அந்த இடத்தை உங்கள் பல் உடைந்த பிறகுதான் வாசித்தேன். பல்லை நான் கேட்கவில்லை.

மன்னிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது எனக்கும் தெரியும். ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிக்கிற அந்த வரி வந்ததும் நான் வாயை மூடிக்கொள்வேன். அந்த வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் உட்காருகிறவர், எனக்கு அந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் நீட்டுகிறார். என்ன செய்வது? செய்யாததைச் செய்தேன் என்று மனிதனிடம் சொல்லலாம். ஆண்டவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. நீங்கள் அந்த வரியைச் சத்தமாகவே சொல்வீர்கள். உங்கள் குரல் நல்ல குரல்.

போதகருக்கு அன்று மாலை என்ன அலுவல்?

என் விண்ணப்பத்தைக் கேட்டிருந்தீர்கள். அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

மச்சான்


ஜூன் 9

மச்சான் அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. எலும்புக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரம் படுக்கை.

நான் விழுந்த அன்றும் தாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தீர்களா?

இதைப் போதகரிடம் சொன்னேன். அவர், “உறவுக்காரர் ஜெபிக்கிறார் என்று புகார் செய்கிற முதல் மூப்பர் நீங்கள்தான்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

சென்ற ஞாயிறு உடல் தேறி ஆராதனைக்குப் போனேன். நீண்ட ஜெபத்துக்கு எழுந்தேன். சபை தலை குனிந்தது. “பரலோக பிதாவே” என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை இல்லை. எத்தனையோ வருஷமாகச் சொன்ன வார்த்தைகள், கடையில் அலமாரித் தட்டைக் காலி செய்து துடைத்து வைத்தது போல ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாரோ இருமினார்கள். “ஆமென்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நான் பரவசத்தில் நின்றதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஓர் அம்மா வந்து, “இன்னைக்கு ஜெபம்தான் மூப்பரே ஜெபம்” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மச்சான், பல் போகட்டும். இடுப்பும் போகட்டும். என் வாயைக் கட்டும்படிதான் கேட்டீர்களா? அன்றைக்கு நான் உங்கள் வாயைக் கட்டியதற்கு இது பதிலா? ஜெபத்தை நிறுத்துங்கள். நிறுத்த முடியாதென்றால், என்ன கேட்கிறீர்கள் என்றாவது சொல்லிவிடுங்கள். மூப்பராகக் கேட்கவில்லை. உங்கள் தங்கை வீட்டுக்காரனாகக் கேட்கிறேன்.

தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

மாப்பிள்ளை


ஜூன் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்காலை இரண்டு தடவை விசாரித்திருந்தீர்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் இருக்கின்றன.

‘நான் உங்கள் வாயைக் கட்டியதற்கு’ என்று எழுதி, அன்று போதகருக்கு ஒரு அலுவலும் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். கவனித்தீர்களோ என்னவோ. நான் அந்த வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தேன். டீச்சரம்மா, “ஏதாவது நல்ல செய்தியா?” என்றார். “ரொம்ப நல்ல செய்தி” என்றேன்.

சரி, சொல்கிறேன். சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது என்றுதான் இத்தனை மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லாததால்தான் தூக்கம் வரவில்லை என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாமா என்று ஓர் ஆசை வந்தது. போகட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். “ஆண்டவரே, எங்க மாப்பிள்ளைக்கு நீண்ட ஆயுசு கொடும். ஞாபகமும் கெடாம வையும். அவருக்கு எதுவும் மறக்கக் கூடாது. அந்தக் காலை, அந்தப் பத்து மணி, அவர் போதகர்கிட்ட சொன்ன வார்த்தை, மூடின பெட்டி, ஒண்ணும் மறக்கக் கூடாது. நூறு வயசு வரைக்கும் தினம் காலையில கண்ணைத் திறந்ததும் அதுதான் முன்னால வந்து நிக்கணும். ஆமென்.”

சலவைக்கூடத்தில் முன்பு எங்களுக்கு மேலாளராக இருந்தவருக்கு இப்போது எண்பது வயது. தன் பிள்ளையையே மறந்துவிட்டார். நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு அந்த வசதி கிடைத்துவிடக் கூடாது என்பதுதான் என் விண்ணப்பம்.

ஆகவே பல்லும் இடுப்பும் என் கணக்கில் வராது. ஆலயத்தில் வார்த்தை மறந்தது நான் கேட்டதற்கு நேர் எதிர். அதைப் பற்றி நான்தான் ஆண்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

நிறுத்த மாட்டேன்.

மச்சான்


ஆகஸ்ட் 17

மச்சானுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை இப்போது மனதார எழுதுகிறேன். காரணம் கீழே.

மகன் என்னைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனான். தலையைப் படம் எடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டேனாம். டாக்டர் என்னிடம் பேசாமல் மகனிடம் பேசினார். “மெதுவாத்தான் போகும், ஆனா போகும்” என்றார். மருமகள் அறையிலேயே அழுதுவிட்டாள்.

போன மாதம் மருந்துக் கடையில் நின்றேன். கடைக்காரர், “அம்மா இருந்தப்போ வாங்குற அதே மருந்தா?” என்றார். எந்த அம்மா என்று யோசித்தேன். அவள் பெயர் வரவில்லை. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தேன். முகம் தெரிகிறது, பெயர் இல்லை. மருமகளிடம் கேட்க வெட்கம். உங்கள் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அதிலும் எல்லா இடத்திலும் ‘தங்கச்சி’ என்றுதான் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தபோது தானாக வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன்.

பிறகுதான் உங்கள் ஜூன் மாதக் கடிதத்தை மறுபடி வாசித்தேன்.

மச்சான், எனக்காகச் சபையே ஜெபிக்கிறது. பலம் கொடும், ஆறுதல் கொடும், சமாதானம் கொடும் என்று நான் கற்றுக்கொடுத்த முறைப்படி ஜெபிக்கிறார்கள். எனக்கு எதுவும் மறக்கக் கூடாது என்று கேட்கிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். அந்தக் காலையும் இருக்கட்டும். அது போனால் அவளும் சேர்ந்து போய்விடுவாள் போல இருக்கிறது.

தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 5

மாப்பிள்ளைக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஜெபத்தை நிறுத்திவிட்டேன். பழிவாங்க இனி நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று புரிந்தது. சந்தோஷமாகத்தான் வேலைக்குப் போனேன். விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. எல்லோருக்காகவும் ஒரு வார்த்தை கேட்டேன். உங்கள் முறை வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டேன். கூட மடிக்கிற பெண், “என்ன தாத்தா, யார்மேல கோவம்? துணியைப் போட்டு இந்த இழு இழுக்கிறீங்க” என்றாள். நான்கு நாள் அப்படிப் போயிற்று.

ஐந்தாம் நாள் ஆண்டவரிடம் சண்டைக்குப் போனேன். “நான் அவரைத் தண்டிக்கத்தானே கேட்டேன்? நீர் அதை அவருக்கு மருந்தா மாத்திட்டீரே, இது என்ன நியாயம்?” என்றேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே ஒன்று உறைத்தது. அவளோடு ஒரே வீட்டில் நாற்பது வருஷம் இருந்தது நீங்கள். எனக்குத் தெரிந்தது பாவாடை கட்டின தங்கச்சி. மிச்சம் முழுக்க உங்கள் தலைக்குள் இருக்கிறது. அது அழிந்தால் நஷ்டம் எனக்கும்தான்.

ஆகவே மறுபடி ஆரம்பித்துவிட்டேன். அதே வார்த்தைகள், அதே கோபம். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. என் ஜெபம் கேட்கப்படுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். வாரம் ஒரு கடிதம், அவளைப் பற்றி ஒரு விஷயம். முதல் கடிதத்தில் அந்தக் காலையை எழுதுங்கள். போதகர் கதை வேண்டாம், மழைக் கதையும் வேண்டாம். அவள் முகம் எப்படி இருந்தது? நீங்கள் மூடினீர்கள். நீங்களே திறந்து காட்டுங்கள்.

மச்சான்


செப்டம்பர் 14

மச்சானுக்கு,

இன்று தலை தெளிவாக இருக்கிறது. அதனால் இன்றே எழுதுகிறேன்.

முன்னறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடத்தியிருந்தோம். மருமகள் தலை வாரிவிட்டாள். வகிட்டை நடுவில் எடுத்துவிட்டாள். உங்கள் தங்கச்சி எப்போதும் வலது பக்கம்தான் எடுப்பாள். நான் சீப்பை வாங்கிச் சரிசெய்தேன். நெற்றி வழவழப்பாக இருந்தது, கடைசி மாதங்களின் சுருக்கமெல்லாம் போய்விட்டது. இடது புருவம் கொஞ்சம் ஏறியே இருந்தது. கடையில் யாராவது பொய்க்கணக்கு சொன்னால் ஏற்றுவாளே, அப்படி. தாடையில் அந்தத் தழும்பு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. சின்ன வயதில் நீங்கள் தள்ளுவண்டியில் ஏற்றி இழுத்து விழவைத்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தொட்டுக் காட்டி, “எங்க அண்ணன் போட்ட கையெழுத்து” என்று சிரிப்பாள்.

வாய் முழுக்க மூடவில்லை. தலை வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு தடவை நேராக வைத்தேன், மறுபடி சாய்ந்தது. யாரோ வரும் சத்தம் கேட்கிறதா என்று கவனிப்பது போல இருந்தது. யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

தெரிந்துதான் மூடச் சொன்னேன்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்து, மடிக்கிற மேஜையில் வைத்து வாசித்தேன். அவளேதான். வகிடு வலது பக்கம் என்பதை நான் மறந்திருந்தேன். நீங்கள் மறக்கவில்லை. என் ஜெபம் வேலை செய்கிறது.

உங்களை மன்னிப்பதைப் பற்றி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் பிடிவாதம்.

கடிதத்தில் முகம் கிடைத்துவிட்டதால், அன்று அவள் கேட்ட ஜெபத்தை இன்று செய்து முடித்துவிட்டேன். மேஜைமேல் சுத்தமான விரிப்பு ஒன்றை விரித்தேன். அதன் முன்னால் நின்று சொன்னேன்:

“ஆண்டவரே, இது என் தங்கச்சி. பசி வந்தா கோவம் வரும், சாப்பிட்டதும் போயிடும், நீர் பெருசா எடுத்துக்காதேயும். சின்ன வயசுல விழவைச்சது நான்தான், அதை என் கணக்குல எழுதும். பத்திரமா வைச்சிரும். ஆமென்.”

விரிப்பை மடித்து வைத்துவிட்டேன்.

இவ்வளவுதான், மாப்பிள்ளை. இதற்குப் பயந்தா நான் வருவதற்குள் பெட்டியை மூடினீர்கள்?

மச்சான்